லாரி வாடகை பில்லிலிருந்து தொடங்குங்கள்: டிஎம்எஸ் மென்பொருளுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை ஒன்றின் டிஸ்பாட்ச் பிரிவில் நீங்கள் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் உள்ளே நுழையும்போதே ஹைதராபாத் டீலர், ஆமதாபாத் டிப்போ, சேலம் கடைக்காரர் என்று ஆர்டர்கள் காத்திருக்கும். லாரி புக்கிங் ஆபீசுக்கு ஒரு போன், டிரைவருக்கு ஒரு போன், “வண்டி எங்கே வருது?” என்று கேட்கும் டீலருக்கு ஒரு பதில். எக்செல் தாள் ஒரு பக்கம், செக்யூரிட்டி எழுதும் கேட் நோட்டு ஒரு பக்கம், வாட்ஸ்அப்பில் குவியும் எல்.ஆர். (லாரி ரசீது) படங்கள் இன்னொரு பக்கம். இந்த நிலையில் நிர்வாகம், “அடுத்த மாதம் டிஎம்எஸ் போடப் போகிறோம், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்கிறது. அந்த இடத்தில் நிற்பவருக்காக இதை எழுதுகிறேன்.

டிஎம்எஸ் என்றால் போக்குவரத்து மேலாண்மை மென்பொருள். இன்வாய்ஸும் கணக்கும் ஈஆர்பி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளில் இருக்கும். குடோனில் எந்தப் பொருள் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை குடோன் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வண்டி நிற்கும் இடத்தை ஜிபிஎஸ் சொல்லும். சரக்கு கிளம்பத் தயாரானதிலிருந்து லாரிக்காரருக்குப் பாக்கி வாடகை போய்ச் சேரும் வரை இடையில் நடப்பதை எல்லாம் ஒரே இடத்தில் பதிந்து, ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பது டிஎம்எஸ்ஸின் வேலை.

மென்பொருள் விற்க வருபவர்கள் முதலில் காட்டுவது இந்திய வரைபடத்தில் ஊர்ந்து போகும் லாரிப் புள்ளிகளை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மிச்சமாகும் பணத்தில் பெரும்பகுதி கடைசிக் கட்டத்தில், வாடகை பில்லைச் சரிபார்க்கும் இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த பில்லைச் சரிபார்க்க வேண்டுமானால் ஒப்பந்த ரேட், வண்டி வகை, எடை, கேட் நேரம், டெலிவரி ரசீது என்று அதற்கு முந்தைய எல்லாமே சரியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அதனால் பில்லை முன்னால் வைத்துக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். எதை எதைப் பதிய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதல் படி: பழைய பில்களை எடுத்து வையுங்கள்

மென்பொருள் டெமோ பார்ப்பதற்கு முன்பே, அக்கவுன்ட்ஸில் போய்க் கடந்த மூன்று மாத லாரி பில்களை வாங்குங்கள். எங்கிருந்து எங்கே, என்ன வண்டி, எத்தனை டன், என்ன வாடகை, ஹால்டிங் (வண்டி காத்து நின்றதற்கான பணம்) எவ்வளவு, ஏற்றுகூலி இறக்குகூலி யார் கொடுத்தது, பி.ஓ.டி. என்ற டெலிவரி ரசீது எப்போது திரும்பி வந்தது என்று ஒரு தாளில் இறக்குங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் இதைச் செய்தவருக்குத்தான் நிறுவனத்தின் சரக்குப் போக்குவரத்து எப்படி நடக்கிறது என்று உண்மையில் தெரியும். ஒரே வாரத்தில் ஒரே ஊருக்கு ஒரே வகை வண்டிக்கு இரண்டு வாடகை போயிருக்கும். பார்சல் சர்வீஸில் போன சரக்கு, மறுநாள் அதே பக்கம் போன லாரியில் இடம் இருக்கும்போதே போயிருக்கும். இவற்றையெல்லாம் குறித்து வையுங்கள். பிறகு டெமோவுக்கு வருபவரிடம், “இதை உங்கள் மென்பொருள் எந்தத் திரையில் பிடிக்கும், காட்டுங்கள்” என்று கேட்கலாம்.

இரண்டாம் படி: மாஸ்டர் டேட்டா

ஊர், வண்டி, பொருள் என்று எல்லாக் கணக்குக்கும் அடிப்படையான விவரங்கள்தான் மாஸ்டர் டேட்டா. இந்த இடத்தில் அவசரப்பட்டால் அடுத்து வரும் எல்லாமே கோணலாகிவிடும். எனவே இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்போம்.

முதலில் ஊர்ப் பெயர்கள். ஒருவர் தூத்துக்குடி என்று போடுவார், இன்னொருவர் டூட்டிகோரின் என்று போடுவார். திருச்சி, திருச்சிராப்பள்ளி, பெங்களூர், பெங்களூரு. மென்பொருளுக்கு இவையெல்லாம் தனித்தனி ஊர்கள். தூத்துக்குடிக்கு ரேட் போட்டிருப்பீர்கள், ஆர்டர் டூட்டிகோரினுக்கு வந்து நிற்கும், “ரேட் இல்லை” என்று திரை சொல்லும். ஊர்ப் பெயரை நம்பாமல் பின்கோடை அடிப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. டீலர் கடை, டீலர் குடோன் இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தால் இரண்டையும் தனி முகவரியாகவே பதியுங்கள்.

அடுத்து வண்டி வகை. குட்டியானை, 407, 14 அடி, பத்து வீல், பன்னிரண்டு வீல், 32 அடி கண்டெய்னர் என்று பேச்சில் சொல்கிறோம். அதில் 32 அடி என்று மட்டும் பதிந்தால் போதாது. பின்பக்கம் ஒற்றை ஆக்ஸில் உள்ள 32 அடி கண்டெய்னர் சுமார் 7 டன் எடுக்கும், மல்ட்டி ஆக்ஸில் சுமார் 15 டன் எடுக்கும். நீளம் ஒன்றுதான், சுமையும் வாடகையும் வேறு. இரண்டையும் ஒரே பெயரில் போட்டுவிட்டால் லோடு திட்டமும் பில் சரிபார்ப்பும் சேர்ந்தே கெடும்.

மூன்றாவது, பொருளின் எடையும் அளவும். பெரும்பாலான நிறுவனங்களில் எடை இருக்கும், நீள அகல உயரம் இருக்காது. பம்ப் தொழிலில் இது பெரிய இழப்பு. சப்மெர்சிபிள் மோட்டார் எடையில் கனம், இடம் குறைவு. பிவிசி பைப் நேர்மாறு. மோட்டாரை மட்டும் ஏற்றினால் பாதி வண்டி காலியாக இருக்கும்போதே எடை வரம்பு வந்துவிடும். பைப்பை மட்டும் ஏற்றினால் வண்டி நிரம்பிவிடும், எடை பாதிகூட வராது. இரண்டையும் கலந்து, கனமானதைக் கீழே பரப்பி, லேசானதை மேலே வைத்தால் இரண்டு வண்டிச் சரக்கு ஒன்றரை வண்டிக்கு வரும். இந்தக் கணக்கை மென்பொருள் அழகாகப் போட்டுக் கொடுக்கும், ஆனால் பெட்டியின் அளவை நீங்கள் கொடுத்திருக்க வேண்டும். குடோனில் ஒருவரை டேப்புடன் நிறுத்தி, அதிகம் விற்கும் பொருள்களை மட்டுமாவது அளந்துவிடுங்கள்.

பார்சல் சர்வீஸில் அனுப்பினாலும் இந்த அளவு வேண்டும். அவர்கள் உண்மை எடை, கன அளவை வைத்துப் போடும் எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பணம் கேட்பார்கள். இரண்டடிக்கு இரண்டடிக்கு இரண்டடிப் பெட்டி என்றால் 8 கன அடி. ஒப்பந்தத்தில் ஒரு கன அடிக்கு 8 கிலோ என்று இருந்தால், பெட்டி 30 கிலோ எடையுள்ளதானாலும் 64 கிலோவுக்கு பில் வரும். கன அடிக்கு எத்தனை கிலோ என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒப்பந்தத்தில் அந்த எண்ணைத் தேடிப் பிடித்து மென்பொருளில் ஏற்றுங்கள்.

மூன்றாம் படி: ரேட்டை ஏற்றுவது

டன்னுக்கு இவ்வளவு, டிரிப்புக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என மூன்று வகை வரும். டன் ரேட்டில் பெரும்பாலும் குறைந்தபட்ச எடை ஒன்று இருக்கும். 9 டன் ஏற்றினாலும் 10 டன்னுக்கு வாடகை என்று ஒப்புக்கொண்டிருப்பார்கள். அதுவும் திரையில் ஏற வேண்டும்.

டீசல் விதியைத் தெளிவாக எழுதி வாங்குங்கள். வாடகையில் டீசலின் பங்கு 40 சதவீதம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், டீசல் விலை 5 சதவீதம் ஏறும்போது வாடகை 2 சதவீதம் ஏறும். இறங்கும்போது அதே கணக்கில் இறங்கும். எந்தத் தேதி விலை, எந்த ஊர் விலை என்பதையும் சேர்த்துவிட்டால் மென்பொருளே மாதாமாதம் திருத்திக்கொள்ளும். டீசல் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் போனில் பேரம் பேசும் நிலை இருக்காது.

நான்காம் படி: லோடும் வழியும் திட்டமிடுவது

ஒரு வண்டி பத்துக் கடைகளுக்குப் போக வேண்டும் என்றால், எந்த வரிசையில் போவது என்பதற்கு 36,28,800 வழிகள் உண்டு. 1959-ல் ஜார்ஜ் டான்ட்சிக், ஜான் ராம்சர் என்ற இருவர், பெட்ரோல் டிப்போவிலிருந்து பல பெட்ரோல் பங்க்குகளுக்கு லாரிகளை எப்படி அனுப்புவது என்ற கேள்வியைக் கணிதமாக எழுதினார்கள். 1964-ல் கிளார்க், ரைட் என்ற இருவர் அதற்கு இன்னும் எளிய முறை ஒன்றைக் கொடுத்தார்கள். இரண்டு கடைகளுக்குத் தனித்தனியாகப் போய்வருவதற்குப் பதில் ஒரே நடையில் சேர்த்தால் எத்தனை கிலோமீட்டர் மிச்சம் என்று பார்த்து, அதிகம் மிச்சமாகும் ஜோடியிலிருந்து சேர்த்துக்கொண்டே போவது அந்த முறை. வழி திட்டமிடும் மென்பொருள்களில் இன்றும் இந்த யோசனைகள் வேலை செய்கின்றன.

மென்பொருள் தூரத்தைக் கணக்கிடும். ஆனால் நகருக்குள் கனரக வண்டிக்கு எந்த நேரத்தில் தடை, எந்த டீலரின் தெருவுக்குள் பத்து வீல் திரும்பாது, எந்தக் கடையில் ஞாயிற்றுக்கிழமை இறக்க ஆள் கிடையாது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. உங்கள் டிஸ்பாட்சில் பல வருடமாக இருக்கும் அண்ணனுக்குத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு டீலருக்கும் இந்த விவரங்களைக் கேட்டு ஏற்றுங்கள். மென்பொருள் வந்தால் தன் வேலைக்கு ஆபத்து என்று அவருக்குப் பயம் இருக்கலாம். அவர் சொன்னதைத் திரையில் போட்டு, அதனால் திட்டம் திருந்துவதை அவருக்கே காட்டுங்கள். அவர் துணை இல்லாமல் டிஎம்எஸ் ஓடாது.

ஏற்றும் வரிசையையும் மென்பொருள் தரும். ஈரோடு, சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று ஒரு நடை போனால் கிருஷ்ணகிரிச் சரக்கு முதலில் ஏறி உள்ளே போக வேண்டும், ஈரோட்டுச் சரக்கு கடைசியாக ஏறிக் கதவோரம் இருக்க வேண்டும். அந்தத் தாளை அச்சடித்து லோடிங் ஆட்களிடம் கொடுங்கள். திரையில் மட்டும் இருந்தால் அவர்களுக்குப் பயனில்லை.

ஐந்தாம் படி: வண்டி பிடிப்பது

திட்டம் முடிந்ததும் மென்பொருள் டிரான்ஸ்போர்ட்டருக்குத் தகவல் அனுப்பும். முதலில் இருப்பவர் குறித்த நேரத்துக்குள் சம்மதிக்கவில்லை என்றால் அடுத்தவருக்குப் போகும். யார் எத்தனை முறை சரி என்றார், சரி என்றபின் வண்டி வந்ததா என்பது பதிவாகிக்கொண்டே வரும். வருடக் கடைசியில் ஒப்பந்தம் பேச உட்காரும்போது இந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

பல மென்பொருள்களில் ஏல வசதி உண்டு. குறைவாகக் கேட்பவருக்கு லோடு. நான் இதை அளவோடுதான் பயன்படுத்தச் சொல்வேன். கோடையில் பம்ப் கேட்டு வடக்கேயிருந்து ஆர்டர் குவியும்போது வண்டி கிடைப்பதே கடினம். வருடம் முழுக்க ஏலத்தில் நசுக்கப்பட்டவர் அந்த மாதத்தில் நமக்கு ஏன் வண்டி விட வேண்டும்? நிரந்தர வழிகளுக்கு ஒப்பந்த ரேட், எப்போதாவது வரும் ஊர்களுக்கு ஏலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வண்டி எண் வந்ததும் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், பெர்மிட் எல்லாம் உயிரோடு இருக்கின்றனவா என்று ‘வாகன்’ என்ற அரசு வண்டிப் பதிவுத் தரவுத்தளத்தில் பார்க்க வேண்டும். டிரைவரின் லைசென்ஸுக்கு ‘சாரதி’ என்ற அரசுத் தரவுத்தளம். 2022 செப்டம்பரில் மத்திய அரசு தேசியத் தளவாடக் கொள்கையோடு யூலிப் என்ற இணைப்புத் தளத்தையும் தொடங்கியது. வாகன், சாரதி, ஃபாஸ்டேக் தகவல்களை டிஎம்எஸ்ஸுக்குள் நேரடியாகக் கொண்டுவர அது உதவுகிறது. உங்களுக்குக் காட்டப்படும் மென்பொருளில் இந்த இணைப்பு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: கேட்டும் காகிதங்களும்

வண்டி உள்ளே வந்த நேரம், எடைமேடையில் காலி எடை, லோடிங் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், லோடு எடை, வெளியே போன நேரம். இந்த ஆறும் கேட்டிலும் எடைமேடையிலும் அந்தந்த நிமிடமே பதிவாக வேண்டும். சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து ஏற்றினால் பயனில்லை. செக்யூரிட்டியின் கையில் இருக்கும் திரை தமிழில், பெரிய எழுத்தில், இரண்டு மூன்று பட்டன்களோடு இருக்கட்டும். இதற்காக மென்பொருள் நிறுவனத்திடம் பிடிவாதம் பிடிக்கலாம், தப்பில்லை.

அப்புறம் இ-வே பில், அதாவது சரக்கை வண்டியில் கொண்டுபோக ஜிஎஸ்டி முறையில் எடுக்கும் மின்னணுச் சீட்டு. 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டிப் போக இது வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் வரம்பு 1 லட்சம். முதல் பகுதியில் சரக்கு விவரம், இரண்டாம் பகுதியில் வண்டி எண். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி. ஹைதராபாத் சுமார் 900 கிலோமீட்டர் என்றால் 5 நாள் கிடைக்கும். வழியில் வண்டி பழுதாகிச் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் இரண்டாம் பகுதியில் புது எண் ஏற வேண்டும். காலாவதி நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னும் 8 மணி நேரம் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும்.

கேட்டில் பதிந்த வண்டி எண்ணே இன்வாய்ஸுக்கும் இ-வே பில்லுக்கும் எல்.ஆருக்கும் தானாகப் போகும்படி அமைத்துவிடுங்கள். மூன்று இடத்தில் மூன்று பேர் டைப் செய்தால் என்றைக்காவது ஓர் எழுத்து மாறும். அதனால் வண்டி வழியில் நிறுத்தப்பட்டால் அங்கே அதிகாரி முன் நின்று பதில் சொல்வது டிரைவர்தான்.

ஏழாம் படி: வழியில்

வண்டி எங்கே என்று அறிய மூன்று வழிகள். வண்டியிலேயே ஜிபிஎஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் டிரைவரின் சம்மதத்தோடு அவர் செல்போன் சிம் வழியாக. மூன்றாவது, டோல்கேட்டைத் தாண்டும்போது பதிவாகும் ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்களில் ஃபாஸ்டேக் கட்டாயமாகிவிட்டதால், கருவியே இல்லாத வாடகை வண்டிக்கும் இது உதவும். ஆனால் இரண்டு டோல்கேட்டுக்கு நடுவில் எதுவும் தெரியாது. சிம் வழியைப் பயன்படுத்தினால், எதற்காக, எந்த டிரிப் முடியும் வரை என்பதை டிரைவருக்கு அவர் மொழியில் சொல்லி அனுமதி வாங்குங்கள். டெலிவரி முடிந்ததும் பின்தொடர்வது நின்றுவிட வேண்டும்.

நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. எச்சரிக்கைகளை மட்டும் அமையுங்கள்: வழக்கமாக நிற்கும் இடம் அல்லாத இடத்தில் வண்டி நான்கு மணி நேரம் அசையாமல் நின்றால், இ-வே பில் முடிய ஒரு நாள்தான் இருந்தால், சொன்ன நாளில் போய்ச் சேராது என்று தெரிந்தால். டீலருக்கு ஒரு லிங்க் அனுப்பிவிட்டால் அவரே பார்த்துக்கொள்வார். ஓட்டிக்கொண்டிருக்கும் டிரைவரின் போன் நம்மிடமிருந்தும் டீலரிடமிருந்தும் புக்கிங் ஆபீஸிலிருந்தும் மாறி மாறி அடிப்பது குறையும். மென்பொருளின் நன்மைகளில் இதை நான் மிக உயர்வாக வைக்கிறேன்.

ஏற்றுமதி கண்டெய்னர் தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போகிறதென்றால், துறைமுகத்தில் பெட்டியை எப்போதிலிருந்து எப்போதுவரை உள்ளே விடுவார்கள் என்ற நேரத்தையும் எச்சரிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: பி.ஓ.டி.

டீலர் கையெழுத்தும் சீலும் போட்ட ரசீதுதான் டெலிவரிக்குச் சான்று. தாளாகத் திரும்பி வரக் காத்திருந்தால் வாரக்கணக்கில் ஆகும். டிரைவர் அங்கேயே போனில் படம் எடுத்து ஏற்றினால், அல்லது டீலர் ஓடிபி சொன்னால், அன்றே முடிந்துவிடும். ஷார்ட்டேஜ், டேமேஜ் இருந்தால் அந்த ரசீதிலேயே எழுதி, பெட்டியையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு சேதத்துக்காக லாரி நிறுவனத்தின் மீது வழக்குப் போடுவதற்கு, புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். டெலிவரி தேதியிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து. மென்பொருளில் அந்த நாளுக்கு ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள்.

பி.ஓ.டி. வந்தபின்தான் பாக்கி வாடகை என்பது ஊரெங்கும் உள்ள வழக்கம். ஆகவே பி.ஓ.டி. ஒரு வாரம் முன்னால் வந்தால் வண்டிக்காரர் கைக்குப் பணமும் ஒரு வாரம் முன்னால் போக வாய்ப்பு உண்டு. ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர் டீசலுக்கும் ஃபைனான்ஸ் தவணைக்கும் அந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறார். சீக்கிரம் பணம் தரும் கம்பெனி என்று பெயர் வந்துவிட்டால், சீசனில் வண்டி கேட்டு அலைய வேண்டியிருக்காது.

ஒன்பதாம் படி: பில்லைச் சரிபார்ப்பது

டிரான்ஸ்போர்ட்டர் பில் அனுப்பியதும் மென்பொருள் நான்கைப் பொருத்திப் பார்க்கும்: ஒப்பந்த ரேட், எடைமேடை எடை, உண்மையில் வந்த வண்டி வகை, பி.ஓ.டி. நான்கும் பொருந்தினால் மனிதர் கை படாமலே பணம் போகலாம். பொருந்தாதவை மட்டும் உங்கள் மேஜைக்கு வரும். பத்து வீல் கேட்டோம், பன்னிரண்டு வீல் வந்தது, பில்லும் அதற்கே வந்திருக்கிறது, ஒரே எல்.ஆர். எண் இரண்டு பில்லில் இருக்கிறது. டீசல் இறங்கியது, ரேட் இறங்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களைக் கையால் பார்த்துப் பிடிப்பது கடினம்.

இந்தச் சரிபார்ப்பு நம் தவறையும் காட்டும். ஹால்டிங் பணம் கேட்டு பில் வந்தால், முன்பெல்லாம் “வண்டி லேட்டாத்தான் வந்துச்சு” என்று சொல்லி வெட்டிவிடுவார்கள். இப்போது கேட் நேரம் இருக்கிறது. காலை 9 மணிக்கு உள்ளே வந்த வண்டி மறுநாள் மதியம்தான் லோடாகி வெளியே போயிருக்கிறது என்றால், அந்தப் பணம் அவருக்குச் சேர வேண்டியது. கேட்டுக்கு வெளியே நிழலோ கழிப்பறையோ இல்லாமல் ஓர் இரவு முழுக்க நின்ற டிரைவரின் நேரம் அது. அதைத் தராமல் வெட்டுவதற்கு இந்த மென்பொருளைப் பயன்படுத்தாதீர்கள்.

எதை வாங்குவது, எப்படித் தொடங்குவது

எஸ்ஏபி, ஆரக்கிள், ப்ளூ யாண்டர் போன்றவை பெரிய நிறுவனங்களுக்கானவை. ஃப்ரைட் டைகர், ஷிப்சி, ஃப்ரெட்ரான் என்று இந்தியச் சூழலுக்கே எழுதப்பட்டவையும் உண்டு. பெயரைவிட முக்கியமான கேள்விகள் சில: மாதக் கட்டணமா, டிரிப்புக்கு இவ்வளவா? நம் ஈஆர்பியோடு இணைக்கும் செலவு யாருடையது? நாளை வேறு மென்பொருளுக்குப் போனால் நம் தரவை முழுதாகத் தருவார்களா? ராத்திரி இரண்டு மணிக்கு இ-வே பில் சிக்கினால் போன் எடுக்க ஆள் உண்டா?

எல்லா ஊருக்கும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வாரம் பல முறை வண்டி போகும் ஒரு வழியை எடுங்கள், நன்றாகப் பழகிய இரண்டு டிரான்ஸ்போர்ட்டர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் பழைய முறையும் புதியதும் சேர்ந்து ஓடட்டும். முதல் பில் சுற்று முழுதாக முடிந்து, பணம் சரியாகப் போனபின் அடுத்த வழி.

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் எடுத்துப் போக வேண்டிய தாளில் ஐந்து எண்கள் போதும்: கேட்டில் வண்டி நின்ற சராசரி நேரம், கேட்டதில் எத்தனை வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது, வண்டியின் கொள்ளளவில் எவ்வளவு நிரம்பியது, டெலிவரியிலிருந்து பி.ஓ.டி. வர எத்தனை நாள், பி.ஓ.டி.யிலிருந்து பாக்கி வாடகை போக எத்தனை நாள். முதல் எண்ணும் கடைசி எண்ணும் முழுக்க நம் கையில் இருப்பவை. எனவே மற்றவர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த இரண்டையும் தாளின் மேலே எழுதுங்கள்.